நௌரோஜியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஃபின்ஸ்பரி சென்ட்ரல்

தாதாபாய் நௌரோஜி பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். எந்தத் தொகுதி, அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

தொகுதியின் பெயர் ஃபின்ஸ்பரி சென்ட்ரல். லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதியைச் சுற்றி இருந்த சின்னத் தொகுதி, 1885இல் பழைய ஃபின்ஸ்பரியைப் பிரித்தபோது உருவானது. கடிகாரம் செய்பவர்கள், நகை வேலை பார்ப்பவர்கள், அச்சகத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஆண்களிலும் அடிக்கடி வீடு மாறும் ஏழைகள் பலருடைய பெயர் பட்டியலில் ஏறவே ஏறாது.

1886இல் ஹோபர்ன் தொகுதியில் நின்று தோற்ற நௌரோஜி அப்புறம் இங்கே வந்தார். 1888இல் பிரதமர் சாலிஸ்பரி ஒரு கூட்டத்தில் அவரைக் 'கறுப்பு மனிதர்' என்று குறிப்பிட்டு, ஆங்கிலேயர்கள் அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள் என்கிற மாதிரி பேச, நாடு முழுக்க அது சர்ச்சையாகி, பெயரே கேள்விப்படாதவர்களுக்கெல்லாம் நௌரோஜி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் சொந்த லிபரல் கட்சிக்குள்ளேயே போட்டி வேட்பாளர் ஒருவர் நெடுநாள் மல்லுக்கு நின்றார். எதிரில் நின்ற கன்சர்வேட்டிவ் உறுப்பினர் கேப்டன் பென்டனோ, பக்கத்துப் பென்டன்வில்லுக்கே பெயர் கொடுத்த நிலக்கிழார் குடும்பத்துக்காரர்.

1892 தேர்தலில் நௌரோஜிக்கு 2,961, பென்டனுக்கு 2,956. ஐந்தே ஓட்டு! மறுபடி எண்ணியதில் அது மூன்றாகக் குறைந்தது. அந்தத் தெருக்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் மனம் மாறி எதிர்ப்பக்கம் குத்தியிருந்தால் போயிருக்கும்.

அந்த மூன்று ஓட்டின் பலனை நாம் குறைவாக மதிக்கிறோம் என்று நினைக்கிறேன். ஐசிஎஸ் என்ற இந்திய ஆட்சிப் பணித் தேர்வை எழுதக் கப்பலேறி லண்டன் போக வேண்டியிருந்த காலத்தில், இந்தியாவிலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893இல் காமன்ஸ் சபையில் நிறைவேறியது, அதற்காக விடாமல் உழைத்தவர் நௌரோஜி. அரசாங்கம் அதைச் செயல்படுத்தாமல் கிடப்பில் போட்டது வேறு விஷயம்.

1895இல் அவர் தோற்றார், இந்த முறை தெளிவான வித்தியாசத்தில். 1918இல் தொகுதியே மறைந்து மீண்டும் ஃபின்ஸ்பரியோடு சேர்ந்தது. 1950இல் ஷோர்டிச்சுடன், 1974இல் இஸ்லிங்டனின் தென்பகுதியுடன் இணைத்தார்கள். லண்டன் போகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனையோடு நின்றுவிடாமல் ரோஸ்பரி அவென்யூவில் உள்ள பழைய ஃபின்ஸ்பரி டவுன் ஹாலுக்கும் போய் வாருங்கள், நௌரோஜிக்கு அங்கே நினைவுப் பலகை இருக்கிறது; அவர் பெயரில் ஒரு தெருவும் பக்கத்திலேயே உண்டு.