நடுவழி இருண்டது

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கிடைத்த வேலை இது. கண்ணாடித் துண்டுக்குள் லேசரால் மூன்று அலைவழிகள், அதாவது ஒளி ஓடும் நுண்ணிய பாதைகள், எழுதியிருப்பார்கள். ஓரத்து வழி ஒன்றில் விடும் ஒளி மறு ஓரத்து வழியில் வெளியே வர வேண்டும். நடுவழியில் ஒளி தங்கவே கூடாது.

இரண்டு வழிகளை அருகருகே வைத்தாலே ஒளி தாவும். ஆனால் அது ஊஞ்சல் மாதிரி போய்ப் போய்த் திரும்பும். சரியான நீளத்தில் நிறுத்தாவிட்டால் பாதி இங்கே, பாதி அங்கே. மூன்று வழி முறையில் அந்தத் தொல்லை குறைவு. வழிகளை வளைத்து இடைவெளியை மெல்ல மெல்ல மாற்றினால், அலை தன் நிலையை விட்டு விலகாமல் கூடவே வரும். 1928இல் மாக்ஸ் போர்னும் விளாதிமிர் ஃபோக்கும் குவாண்டம் இயக்கவியலில் நிறுவிய அடியாபாட்டிக் தேற்றம்தான் இதற்கு அடிப்படை.

மூன்று நாள் அளந்தேன். ஒவ்வொரு முறையும் நடுவழி பளிச்சென்று தெரிந்தது. அலைநீளத்தை மாற்றினால் வெளியே வரும் பங்கும் மாறியது. கண்ணாடியில் எழுதியதில்தான் பிழை என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்து மேசை அக்கா கேமரா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ ஒளி விடுற வழிதானே நடுவழிகிட்ட முதல்ல நெருங்குது?"

"ஆமாக்கா, அப்போதானே தாவும்?"

"இல்லப்பா. காலியா இருக்கிறது முதல்ல நெருங்கணும். அந்தப் பக்கத்து வழியில விட்டுப் பாரு."

அந்த வரிசையை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புதான். காலி வழியும் நடுவழியும் முதலில் நெருங்கிப் பிரியும். அவை பிரியும்போதே ஒளியுள்ள வழி நடுவை நெருங்கும். அப்போது இரு ஓரங்களிலிருந்தும் நடுவுக்கு வரும் அலைகள் எதிரெதிர்க் கட்டத்தில், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு, சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1990இல் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னில் கிளாஸ் பெர்க்மன் குழு, மூலக்கூறுகளை ஓர் ஆற்றல் மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதும் இதே தலைகீழ் வரிசையில்தான். அங்கே லேசர் துடிப்புகள், இங்கே வளைவுகள். 2004இல் பொறிகளில் பிடித்த அணுக்களுக்கும் குவாண்டம் புள்ளிகள் எனும் நுண்ணிய குறைகடத்தித் துணுக்குகளில் உள்ள எலெக்ட்ரான்களுக்கும் இதையே முன்மொழிந்தார்கள்.

அலைவழியில் ஒளி கடக்கும் தூரம், குவாண்டம் நிலை நேரத்தோடு மாறுவதைச் சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் நேரம் நிற்கும் இடத்தில் நிற்கிறது. அணுவில் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டியதைக் கண்ணாடியில் நேராகவே பார்த்துவிடலாம். இந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். மெதுவாக வளைக்க நீளம் வேண்டும், நீளம் கூடினால் ஒளி இழப்பும் கூடும். அந்தப் பேரம் இன்றும் தீரவில்லை.

அன்று மாலை மறு ஓரத்து வழியில் சிவப்பு லேசரை விட்டேன். திரையில் ஒரு கோடு மெல்ல மங்கியது. அந்தப் பக்கத்துக் கோடு மெல்ல ஏறியது. இடையில் மெல்லிய கறுப்பு.