சின்ன வீரமங்கலத்துல இருந்து ஒரு கோடி பேர்

வேலை கிடைக்கலன்னு சொல்ற தம்பிங்ககிட்ட நான் எப்பவும் சொல்றது யூடியூப்ல சமையல் வீடியோ போடுற வில்லேஜ் குக்கிங் சேனல் பத்திதான். புதுக்கோட்டை பக்கம் சின்ன வீரமங்கலம், 2018ல அண்ணன் தம்பிங்க சேர்ந்து பெரியதம்பி தாத்தாவ முன்னாடி நிறுத்தி ஆரம்பிச்சாங்க, செட்டு கிட்டு எதுவும் கிடையாது, வயக்காடு, விறகடுப்பு, ஒவ்வொரு பொருளோட பேரையும் சத்தமா சொல்லிக்கிட்டே அம்மியில அரைக்கிறது, கடைசில ஊர்ப் பெரியவங்களுக்குப் பந்தி, அவ்ளோதான்.

2021ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர் தாண்டுன முதல் தமிழ் சேனல் இவங்கதான், அதே வருஷம் கொரோனா நிதிக்கு முதல்வர்கிட்ட 10 லட்சம் குடுத்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சதே, சம்பாதிக்கிறதுக்காக இவங்க யாரும் ஊர விட்டுப் போகலங்கறதுதான். வயலையும் தாத்தாவோட கைப்பக்குவத்தையும் வச்சே தொழில் பண்றாங்க.