மேல் மாடிக்குக் கேட்டதா?

பிரிட்டனில் ஒரு பழைய நாடக அரங்கில் ஒலி பார்க்கிற எனக்கு, மைக் வேண்டாம் என்று கலைஞர்கள் சொல்வது புதிதில்லை. பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சவுண்ட் செக்கில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டதும் மனம் மாறிவிடும். லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம் வாசிக்க வந்த இந்தக் கலைஞர் கடைசி வரிசைப் பக்கமே போகவில்லை. "நீங்கள் சத்தத்தை ஏற்றினால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஏற்றாமல் விட்டால் முன்னால் குனிந்து கேட்பார்கள். எனக்குக் குனிகிறவர்கள்தான் வேண்டும்" என்றார்.

அந்த வாதம் எனக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் போயிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இப்போது இதை எழுத வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காது மந்தமானவர்களுக்கு வாசலில் இரவல் கொடுக்கும் ஹெட்செட்டுக்கு மேடையிலிருந்து ஒலி போயாக வேண்டும். மைக் இல்லாமல் அது நடக்காது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தக்க ஏற்பாடு செய்யச் சொல்லும் 2010 சமத்துவச் சட்டம் பிரிட்டனில் இருப்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஸ்பீக்கருக்குப் போகாது என்று வாக்குக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். சின்ன மைக் ஒன்றை அவருடைய கால்மணைக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் தரையோடு வைத்தேன்.

முதல் பாதி முழுக்க பரோக், அதாவது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசை: வைஸ், தெ விஸே என்ற இரண்டு லூட் இசையமைப்பாளர்கள். 13 வரிசை, முதல் இரண்டு ஒற்றை, மற்றவை ஜோடி, மொத்தம் 24 தந்தி. வலது கை விரல்களில் நகமில்லை, சதையாலேயே மீட்டுகிறார். ஒலிக் கலவை டெஸ்க் இருக்கும் இடத்தில் எனக்கு நன்றாகவே கேட்டது. இடைவேளையில் மேல் மாடியிலிருந்து பணியாளர் ஓடி வந்தார்: மேலே ஒன்றும் கேட்கவில்லையாம், ஆட்கள் முணுமுணுக்கிறார்களாம், கொஞ்சம் ஏற்ற முடியுமா?

முடியும். ஒரு பட்டனை அழுத்தினால் அந்த மைக் ஸ்பீக்கருக்கும் போகும். மூன்று டெசிபல் ஏற்றியிருந்தால் மேடையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. நான் ஏற்றவில்லை.

அதற்குப் பதிலாகக் காற்றோட்ட மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். நகரும் விளக்குகளையும் அணைக்கச் சொன்னேன், அவற்றுக்குள்ளும் விசிறி ஓடும். மேலே லூட்டை மூடிக்கொண்டிருந்தது எங்கள் அரங்கின் இரைச்சல்தான், லூட்டின் குரல் சின்னது என்பது மட்டும் காரணமில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். விசிறி நின்றதும் கூரையே ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் இரண்டாம் பாதியில் சூடு ஏறியது. இருநூற்றைம்பது வருஷத்துக் கட்டடம், வெப்பம் எல்லாம் நேராக மேல் மாடிக்குத்தான் போகும். ஈரக்காற்றில் விலங்குக் குடலால் செய்த தந்தி சுருதியில் நிலைக்காது. பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார். எண்பது வயது லூட் கலைஞன் அதில் அறுபது வருஷத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பான் என்று மாத்தேசன் என்ற ஜெர்மன் இசை எழுத்தாளர் 1713-லேயே கிண்டல் செய்திருக்கிறார். இரண்டாம் பாதி நவீனப் பாடல்கள், சபைக்கு எல்லாம் தெரிந்த மெட்டு. தெரிந்த மெட்டென்றால் பாதி காதில் விழுந்தாலே மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். அதனால் புகார் வராது என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் தெரியாத வைஸுக்குப் பொறுத்து உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் தெரிந்த பாட்டின் நடுவில் எழுந்து போனார்கள். கேட்காததாலா, புழுக்கத்தாலா, சுருதி சேர்ப்பதில் சலித்தா? கடைசி பஸ்ஸாகவும் இருக்கலாம்.

வாக்கைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு கேள்வி குறுக்கே வருகிறது. அவர் காப்பாற்றச் சொன்னது எதை? வைஸ் ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் வேலை பார்த்தவர். அந்த இசை ஓர் அறைக்குள் இருக்கும் சிலருக்காக உண்டானது. எங்கள் அரங்கு போன்றவை நாடகக்காரர்கள் உரக்கப் பேசுவதற்காகக் கட்டியவை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1766-இல் திறந்த அரங்கில் இடி முழக்கத்துக்காக மரக் கால்வாயில் பீரங்கிக் குண்டுகளை உருட்டினார்கள். 1750-இல் வைஸ் இறந்து பதினாறு வருஷம் கழித்து வந்த கட்டடம் அது. அப்படிப்பட்ட இடத்தில், மூன்று அடுக்கு ஜனத்துக்கு முன்னால், மைக் இல்லாத தனி லூட் என்பது எந்தக் காலத்து வழக்கம்? பழைய கட்டடமும் பழைய வாத்தியமும் சேர்ந்ததும் அதைப் 'பழைய முறை' என்று நாங்களே நம்பிவிட்டோம்.

அதற்காக மைக்கை ஏற்றியிருக்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கர் வழியாக வரும் லூட் எப்படியோ கிட்டார் ஆகிவிடுகிறது. 2006-இல் பாப் பாடகர் ஸ்டிங், பழைய ஆங்கில லூட் இசையமைப்பாளர் டவுலண்டின் பாடல்களைப் பதிவு செய்து வெளியிட்ட பிறகு, லூட்டை முதலில் இயர்போனில் கேட்டுவிட்டு அதே பருமனில் எதிர்பார்த்து வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு நிஜ அளவைக் காட்டத்தானே அரங்கு?

முடிந்ததும் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மேல் மாடிக்குக் கேட்டதா?"

"கேட்டவர்களுக்குக் கேட்டது" என்றேன்.

சிரித்தார். பாராட்டாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பாராட்டாகச் சொன்னேனா, தப்பித்துக்கொள்ளச் சொன்னேனா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இடைவேளையில் வந்த புகாரை அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவரே ஏற்றச் சொல்லியிருப்பாரோ? எழுந்து போனவர்களை மேடையிலிருந்து பார்த்திருப்பாரே, இருந்தும் கேட்டாரே?

கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பதி ஹெட்செட்டைத் திருப்பித் தர வந்தார்கள். மேல் மாடி, கடைசி வரிசை. அந்த அம்மாவுக்குக் காது மந்தம். தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலி, வாசிப்பவர் மூச்சு இழுக்கும் சத்தம் எல்லாம் கேட்டதாம், கண் கலங்கியபடி சொன்னார். பக்கத்தில் நல்ல காதோடு உட்கார்ந்திருந்த கணவருக்கு, அவர் வாயால் சொன்னபடி, "யாரோ ஒருவர் தூரத்தில் சொறிந்துகொள்வது மாதிரி" இருந்ததாம்.

"இது காது கேட்காதவர்களுக்கு மட்டுமா? எனக்கும் கொடுத்திருப்பீர்களா?" என்று கேட்டார்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் என்றேன். வாசலில் பெட்டி நிறைய ஹெட்செட் சும்மா கிடந்தது. இடைவேளையில் அத்தனையையும் மேலே அனுப்பியிருக்கலாம். ஸ்பீக்கருக்குப் போகாது என்ற வாக்கும் அட்சரசுத்தமாக நின்றிருக்கும். லூட் கலைஞர் அடுத்த சீசனுக்கும் வருகிறார். மைக் விஷயத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிடு என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். ஹெட்செட் யோசனையைக் கலைஞரிடம் சொன்னால், குனிந்து கேட்கிறவர்கள் எங்கே என்றுதான் கேட்பார். அந்த அம்மா குனிந்துதான் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.