கொம்பு இல்லாத எழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு அல்சூரில் ஏழெட்டுப் பேருக்குக் கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். எல்லோரும் தமிழ் பேசும் பெரியவர்கள், புத்தகத்தைத் திறந்தாலே வியர்த்துப்போகிறவர்கள். அதில் ஓர் அண்ணன், திருப்பத்தூரிலிருந்து வந்து பெயின்ட் வேலை செய்கிறார், முதல் நாளே "மண்டையில ஏறாது டீச்சர், தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்" என்றார். கற்றல் குறைபாடு மாற்றுத்திறன் சட்டத்துக்குள் வந்ததே 2016-இல்தான். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றபோது அதற்கு இருந்த பெயர் மக்கு. நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

49 எழுத்தையும் வரிசையாக எழுத வைத்தேன், தப்பு, மூன்று வாரம் போயிற்று. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கொம்பு வரும் இடத்தில்தான் திணறுகிறார். 'கேள்' என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, வாய்க்கு முதலில் வருவது ககரம், அந்த இடத்தில் அவருக்கு வார்த்தையே கலைந்துவிடுகிறது. கன்னடத்தில் எந்த உயிர்க்குறியும் எழுத்துக்கு இடப்பக்கம் வராது, மேலேயோ வலப்பக்கமோ கீழேயோ ஒட்டிக்கொள்ளும். நனைத்த பிரஷ்ஷால் மொட்டைமாடித் தரையில் கையகலத்துக்கு எழுதிப் பார்த்தவர், "இது நேராப் போகுதே" என்றார்.

சொற்களைக் காதால் பிடித்தோம். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி. எல்லாச் சொல்லும் இப்படி மாறாதுதான், ஆனாலும் மனப்பாடம் நிற்காத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய பிடி தெரியுமா? "அப்போ மாரத்தஹள்ளியில இருக்கிற ஹள்ளி, திருச்சிராப்பள்ளியில இருக்கிற பள்ளியா?" என்று அவரே கேட்டார். ஆமாம் அண்ணா, அதேதான் என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போன வாரம் 'கர்நாடக சர்க்கார' என்ற பலகையில் மாட்டிக்கொண்டார். அர்காவத்து என்று ஒரு குறி, சொல்லும்போது ரகரம் முன்னால் வரும், எழுதும்போது அடுத்த எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். இரண்டு சொல்லிலும் அது இருக்கிறது. 'கநார்டக' என்று படித்தார், நிறுத்தினார், திரும்பப் பார்த்தார்.

"கொம்பு வேற வேஷத்துல வந்திருக்கு டீச்சர்."

எங்கே தடுக்குகிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறிக்கு மட்டும் சிவப்புச் சாக்பீஸ் எடுத்துப்போகிறேன்.