நான்காவது விதை கரையவில்லை

ஒரு படிகத்தை விதையாக வைத்து அதன்மேல் இன்னொரு படிகத்தை வளர்க்கப் பார்த்தேன், ஒருவழியாக ஒட்டிக்கொண்டது. நடுவில் குரோம் படிகாரத்தின் கருஊதா எண்முகி (எட்டு முகப் படிகம்), சுற்றிலும் நிறமற்ற பொட்டாஷ் படிகாரம். இன்று காலை அளந்தபோது உறையின் தடிமன் 4 மில்லிமீட்டர். இரண்டுக்கும் அலகுக்கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறு கட்டத்தின், விளிம்பு 12.2 ஆங்ஸ்ட்ராமை (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஒட்டியே இருப்பதால், மேலே படிவது உள்ளிருக்கும் முகங்களை அப்படியே தொடர்கிறது.

இதற்கு முன் மூன்று விதைகளைப் பலிகொடுத்தேன். முதல் கரைசல் விதையைவிட 2 டிகிரி சூடு, முனைகள் மழுங்கிப்போயின. இரண்டாவது சரியாகத் தெவிட்டிய, அதாவது இதற்குமேல் படிகாரம் கரையாத, கரைசல்தான், ஆனாலும் ஊதா கசிந்தது. கசியாமல் என்ன செய்யும்? அது பொட்டாஷுக்குத்தான் தெவிட்டிய கரைசல், குரோமுக்குப் பசித்த வாய். மூன்றாவதில் பயந்துபோய் அளவுக்கு மீறித் தெவிட்டவைத்தேன். ஜாடியின் அடியில் அரிசி கொட்டியதுபோல் குருணைப் படிகங்கள்.

இந்த முறை கரைசலை அது தெவிட்டும் வெப்பநிலைக்கு 3 டிகிரி கீழே கொண்டுவந்து, விதையை நொடிப்பொழுது வெறும் நீரில் அலசி, துடைத்து, இறக்கினேன். பிறகு அரை மணி நேரம் டார்ச்சும் கையுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். படிகத்திலிருந்து கானல்போல் ஒரு நீரோட்டம் மேலே எழுந்தால் வளர்கிறது. கீழே வழிந்தால் கரைகிறது. மேலே எழுந்தது! முதல் மெல்லிய படலம் மூடிவிட்டால் ஊதா உள்ளே சிறைதான்.

தூண்டில் நரம்பில்தான் கட்டியிருக்கிறேன். பருத்தி நூலில் நெடுகக் குட்டிப் படிகங்கள் முளைத்துத் தொல்லை. பொட்டாஷ் படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. திருஷ்டிக்குக் கட்டும் அதே கட்டி, இரண்டு முறை வடிகட்டினால் போதும். குரோம் படிகாரம் அனுப்பிய ரசாயனக் கடைக்காரர்தான் ஈரம் கோத்த கட்டியைத் தலையில் கட்டிவிட்டார்.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் லெக்லெய்ட்னர் என்பவர் 1960-இல் பட்டை தீட்டிய பெரில் கல்மேல் (மரகதமும் அதே கனிமத்தின் ஒரு வகைதான்) மரகதத்தை மெல்லிய தோலாக வளர்த்ததும் இதே தந்திரம்தான். அவர் கல்லை மோதிரத்தில் பதிக்கலாம். என்னுடையது நகத்துக்கே கீறல் விழும்.

உறை ஒரு சென்டிமீட்டர் ஆகும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அடுத்த ஊதா அடுக்குக்குக் கரைசல் காய்ச்சப் போய், கவனிக்காமல் 60 டிகிரியைத் தாண்டவிட்டேன். பாசிபோல் பச்சையாகிவிட்டது. மறுபடி ஊதாவாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஜாடியை அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவைத்திருக்கிறேன்.