தண்ணீர் ஊற்றாத முன்வளவு: மூன்றாம் மாரி வந்துவிட்டது

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் உரும்பிராய் வீட்டு முன்வளவில் றோசாவும் குறோட்டனும் புல்லும்தான். பங்குனி வெயிலில் இரண்டு நாள் மோட்டர் போடாவிட்டால் எல்லாம் சுருண்டுவிடும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் பெய்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் தண்ணியைத்தான் வருடம் முழுக்கக் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். குடிக்கிற தண்ணியைக் குறோட்டனுக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பிழை விட்டேன். ஆவரசில் ஆசைப்பட்டு, சித்திரையில் தெருக்கரையிலிருந்து ஐந்து கன்றுகளைக் கிண்டி வந்து நட்டேன். ஒரு கிழமைக்குள் ஐந்தும் பட்டுப்போயின. ஆவரசு ஆணிவேரை ஆழத்துக்கு விடுகிற செடி. கிண்டும்போதே அந்த வேர் அறுந்திருந்தது.

"காய்ஞ்ச காயைக் கொண்டுவந்து மாரிக்கு முன்னம் போடு பிள்ளை, அது தானா வரும்" என்றார் அம்மம்மா. அப்படியே செய்தேன். விதைத் தோல் கடினம் என்பதால் சுடுதண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, புரட்டாசிக் கடைசியில் 40 விதைகளை நேரே நிலத்தில் ஊன்றினேன். ஐப்பசி மழைக்கு 23 முளைத்தன. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வேலியோரம் நொச்சியும் ஆடாதோடையும். இரண்டும் கார்த்திகையில் முழ நீளத் தடியாக ஊன்றியவை. ஒன்றரை அடியில் கல் தட்டியது. அலவாங்கால் உடைக்கப் பார்த்து விட்டுவிட்டேன், வேர் வெடிப்பைத் தேடிப் போகட்டும் என்று. தடிகள் தளிர்த்து நிற்கின்றன. ஒழுங்கையில் திரியும் ஆடுகள் இந்த இரண்டையும் ஆவரசையும் மோந்துவிட்டுப் போய்விடும். றோசாவை அவை ஒரு நாளும் விட்டதில்லை.

மாசியில் கொட்டும் வேப்பஞ் சருகைக் கூட்டி எரிப்பதையும் நிறுத்தினேன். செடிகளின் அடியில் நாலு விரல் உயரத்துக்குப் போட்டுவிடுகிறேன். சோளகக் காற்று அடிக்கும்போதும் அதற்குக் கீழே மண் குளிர்ச்சியாகவே இருந்தது.

முதல் கோடையில் கிழமைக்கு ஒரு தரம், கன்றுக்கு அரை வாளி. இந்தக் கோடையில் ஒரு சொட்டும் இல்லை. ஆவரசு என் நெஞ்சு உயரத்துக்கு வந்து ஆவணி வரை பூத்தது. நடுவில் பச்சைப் புழுக்கள் இலையை அரித்தன. மருந்து அடிக்க எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டேன். இரண்டு கிழமையில் வெளிர்மஞ்சள் வண்ணாத்திப்பூச்சிகள் முற்றம் முழுக்கப் பறந்தன, இலையும் மறுபடி துளிர்த்தது.

கார்த்திகைப்பூவைப் பற்றித்தான் எழுத ஆசை. போன மாரியில் வைத்த கிழங்கு கொடி விட்டு, தையில் மஞ்சளித்து மடிந்தது. செத்துவிட்டதென்று கிண்டப் போனேன், அம்மம்மா தடுத்தார். கிழங்கு மண்ணுக்குள் உறங்குமாம். ஒன்பது மாதம் வெறும் நிலம். சரி, காத்திருந்தேன். ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு, வைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி முளை வந்தது! (கிழங்கு கொடிய நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலிக்கு அப்பால் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள்.)

இன்று காலை ஏழு பூ. இலைநுனிகள் சுருண்டு நொச்சியைப் பிடித்து ஏறியிருக்கின்றன. நேற்று விரிந்தது இன்னும் மஞ்சள். முந்தாநாள் பூ நுனியிலிருந்து சிவந்துகொண்டு வருகிறது.