எழுதத்தக்கதாக எதுவும் இல்லை

சளி மாதிரியைத் திருப்பி அனுப்புவது ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பதுதான். அப்படித் திருப்பி அனுப்பியவற்றில் ஒன்று மட்டும் என் மனதை விட்டு அகல மறுக்கிறது.

நிமோனியாவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு மூதாட்டியின் மாதிரி அது. ஸ்லைடைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. பார்த்த இடமெல்லாம் வாயின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த தட்டையான எபிதீலியல் செல்கள், அவற்றின் மேல் அப்பிக் கிடக்கும் வாய்க் கிருமிகள். சீழ் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரு பார்வைப் புலத்தில், அதாவது லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பில், எபிதீலியல் செல்கள் 10க்குக் குறைவாகவும் சீழ் செல்கள் 25க்கு மேலும் இருந்தால்தான் நுரையீரலிலிருந்து வந்த சளி என்று நம்பிக் கல்ச்சர் போடுவோம், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்போம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் சற்று மாறலாம், நோக்கம் ஒன்றுதான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வந்திருந்தது சளி அல்ல, உமிழ்நீர்.

நிராகரிக்கும் மாதிரியையும் இன்னும் பெரிதாக்கிக் காட்டும் எண்ணெய் லென்ஸில் ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம். ஒரே ஒரு இடத்தில், இருந்த கொஞ்சநஞ்சச் சீழ் செல்களுக்கு அருகில், ஊதா நிறத்தில் இரட்டை இரட்டையாகச் சில கோளங்கள். வெளிமுனை ஈட்டி போலக் கூராக இருந்தது. சுற்றிலும் சாயம் ஏறாத மெல்லிய வெளிர் வளையம். நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவான நியூமோகாக்கஸ் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்கு வரைந்து காட்டுவேனோ, அப்படியே. ஸ்லைடை நகர்த்தினேன். அடுத்த இடத்திலும் அதற்கடுத்த இடத்திலும் வாய்க் கிருமிகளின் கலவையைத் தவிர வேறெதுவும் இல்லை.

மாதிரி ஏற்கத்தக்கதல்ல, இன்னொன்று அனுப்பவும் என்று பதிவு செய்தேன். சற்று நேரத்தில் வார்டிலிருந்து இளம் மருத்துவர் அழைத்தார்.

"மேடம், அம்மாவால் இருமித் துப்ப முடியவில்லை. கிடைத்ததே அவ்வளவுதான்."

"புரிகிறது. ஆனால் இதில் என்ன வளர்ந்தாலும் அது வாயில் இருப்பதாகத்தான் இருக்கும். கல்ச்சர் போட்டால் உங்களைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்."

"கல்ச்சர் வேண்டாம் மேடம். எதையாவது பார்த்தீர்களா?"

"அறிக்கையில் எழுதத்தக்கதாக எதுவும் இல்லை."

நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவர் கேட்டது நான் பார்த்ததை. நான் சொன்னது எழுதக்கூடியதை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

சொல்லாததற்கு வலுவான காரணம் இருந்தது. ஆரோக்கியமானவர்களின் தொண்டையிலும் மூக்கிலும் நியூமோகாக்கஸ் குடியிருக்கும். குழந்தைகளிடம் அதிகம், பெரியவர்களிடம் குறைவு, ஆனாலும் உண்டு. உமிழ்நீரில் அதைப் பார்ப்பது தொண்டையில் அது இருப்பதற்குச் சாட்சியே தவிர, நுரையீரலைக் கெடுத்தது அதுதான் என்பதற்குச் சாட்சி அல்ல. இன்னொன்றும் இருக்கிறது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், மூத்தவர் ஒருவர் இப்படித்தான் தொலைபேசியில் "இரட்டைக் கோளங்கள் போலத் தெரிகிறது" என்றார். அந்தப் "போல" வார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டது. நோயாளியின் கோப்பில் நியூமோகாக்கல் நிமோனியா என்று ஏறியது, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அப்படியே பிரதி எடுக்கப்பட்டது. மருந்தைப் பென்சிலினாகக் குறைத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் அது காசநோய் என்று தெரிந்தபோது கணிசமான காலம் போயிருந்தது. வாய்மொழிக் குறிப்பு கோப்பில் ஏறினால் தீர்ப்பாகிவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் சொல்லவில்லை. இன்று கேட்டாலும் அந்த நியாயத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் வேறொரு கணக்கும் இருக்கிறது. நியூமோகாக்கஸின் ஆன்டிஜெனை, அதாவது அந்தக் கிருமியின் அடையாளப் பொருளை, சிறுநீரில் கண்டுபிடிக்கும் சோதனைக்குச் சளியே தேவையில்லை. ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பிறகும் அது பயன்படும். சளியில் அப்படி இல்லை, முதல் சில டோஸ்களிலேயே இந்தக் கிருமி காணாமல் போய்விடும். நான் பார்த்ததை நோய்க் காரணமாகச் சொல்லியிருக்க வேண்டாம், அடுத்த சோதனைக்கான காரணமாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? "நம்பத்தகாத மாதிரிதான், ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது, சிறுநீர் அனுப்புங்கள்." இவ்வளவுதான் வாக்கியம்.

உடனே எனக்குள் இருக்கும் வக்கீல் எழுந்துகொள்கிறார். கடுமையான நிமோனியாவில் அந்தச் சோதனையையும், நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான லீஜியோனெல்லாவுக்கான சோதனையையும் செய்யலாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2019 வழிகாட்டுதலே சொல்கிறது. நான் நினைவூட்டித்தானா அவர் அனுப்ப வேண்டும்? அதுவும் நியாயம்தான். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும் பலரை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் வழிகாட்டுதலின் பக்கத்தைக் காட்டி நான் விலகிக்கொள்வதா?

மூதாட்டி பிழைத்தார். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். காரணம் தெரியாதபோது கொடுக்கும் வழக்கமான இணை இது. முதல் மருந்து நியூமோகாக்கஸையும் ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியாவையும் பார்த்துக்கொள்ளும். செல் சுவரே இல்லாத மைக்கோப்ளாஸ்மா போன்ற பாக்டீரியாக்களிடம் அது பலிக்காது, அவற்றை இரண்டாவது மருந்து பார்த்துக்கொள்ளும். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நிமோனியாவில் பெரும்பாலும் வளர்வதில்லை. ஆக, நான் சொல்லியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார், சொல்லாமலும் பிழைத்தார். இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆறுதல் இல்லை. நோயாளி தேறிவிட்டார் என்பது மருந்து சரி என்பதற்கான பதில். கிருமி எது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

அது கிடந்தால் என்ன என்றும் கேட்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அது கிடக்கத்தான் செய்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களில் 38 சதவீதத்தினரிடம்தான் ஏதாவது ஒரு கிருமி பிடிபட்டது. பாக்டீரியா மட்டும் பிடிபட்டது 11 சதவீதத்தினரிடம். பிசிஆர் உட்பட எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேடியவர்களின் நிலையே அது. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் கிருமிகளுக்கு நிறமேற்றிக் காட்டும் தன் சாய முறையைக் கண்டுபிடித்ததும் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவைப் பார்ப்பதற்காகத்தான். நிமோனியாவின் கிருமி உருண்டை வடிவமா, கோல் வடிவமா என்று ஃப்ரீட்லாண்டர், ஃப்ராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் மோதிக்கொண்ட காலம் அது. இரண்டுமே நிமோனியாவை உண்டாக்கும், உருண்டைதான் அதிகம் என்று பிறகு தெளிந்தது. திசுவையே வெட்டிப் பார்த்தவர்களுக்கே அவ்வளவு குழப்பம் என்றால், வாயைக் கடந்து வரும் சளியை வைத்து நாங்கள் சொல்வதில் எவ்வளவு அடக்கம் வேண்டும்!

அடக்கம் வேண்டும் என்றுதான் வாயை மூடினேன். ஆனால் தெரிந்ததை எவ்வளவு தெரியுமோ அவ்வளவாகச் சொல்வதுதானே அடக்கம்? காரணம் தெரியாத ஒவ்வொரு நிமோனியாவுக்கும் பல வகைக் கிருமிகளை ஒருசேரத் தாக்கும் அகன்ற ஆன்டிபயாட்டிக் போகிறது. அதன் விலையை அடுத்து வரும் நோயாளி எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமியாகச் சுமக்கிறார். மாதிரிகளைத் திருப்பி அனுப்பும்போது நான் கண்டிப்பாக இருப்பதும் இதே கவலையால்தான், அந்த ஒரு பார்வைப் புலம் உறுத்துவதும் இதே கவலையால்தான்.

விதியை நான் மாற்றவில்லை. உமிழ்நீர் வந்தால் இன்றும் திருப்பித்தான் அனுப்புகிறேன். கூடவே வார்டுக்கு அழைத்து, வாயை வெறும் நீரால் கொப்பளிக்கச் செய்து ஆழமாக இருமச் சொல்லுங்கள், முடியாவிட்டால் உப்புநீர் நெபுலைசர் வைத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள் என்று சொல்கிறேன். சில நாட்களில் பார்த்ததையும் சொல்கிறேன், "கோப்பில் எழுதாதீர்கள்" என்ற நிபந்தனையோடு. எதிர்முனையில் இருப்பவரின் குரலில் நிதானம் இருந்தால் சொல்கிறேன், அவசரம் தெரிந்தால் விட்டுவிடுகிறேன். குரலை வைத்து முடிவெடுப்பது எந்த நடைமுறைக் கையேட்டிலும் இல்லை, இருக்கவும் கூடாது. நிதானமாகப் பேசுபவரின் நோயாளிக்கு ஒரு நீதி, பதறுபவரின் நோயாளிக்கு ஒரு நீதியா என்று என் சக ஊழியர் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

மூதாட்டியின் டிஸ்சார்ஜ் குறிப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். "நிமோனியா, காரணக் கிருமி அறியப்படவில்லை" என்று இருந்தது. அந்த இளம் மருத்துவர் தன்னிடம் இருந்த தகவலை வைத்து நேர்மையாக எழுதியிருக்கிறார். அவரிடம் இல்லாத தகவல், தகவல் என்று சொல்லத் தகுந்ததுதானா என்பது எனக்குத் தெரியவில்லை.